ஏழாம் கட்டத்தில் நான் வைத்த செவ்வாய்

புதிதாக நம் உதவித் தொலைபேசியை எடுக்கப்போகும் உங்கள் ஆறு பேருக்கும் பயிற்சிக் கையேடு ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அதை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால், அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. அழைப்பவர் அழுதால் என்ன செய்வது, அழைத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தால் என்ன செய்வது, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவரை எங்கே தங்கவைப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறது. செவ்வாய் தோஷத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இத்தனை வருட வேலையில் நான் செய்த ஆகப் பெரிய தவறு செவ்வாய் கிரகத்தை வைத்துத்தான் நடந்தது. அதனால் இதைத் தனியாக எழுதித் தருகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஆண்களை விரும்பும் ஆண். கதை எழுதுகிறவன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது மலேசியாவில், அதுவும் ஜொகூரில், சுலபமாக இருக்கவில்லை. ஒரு முறை, இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதையை ஒரு பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பினேன். ஆசிரியர் நல்ல மனிதர். கதையைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், செல்வத்தைச் செல்வியாக மாற்றிப் பிரசுரித்துவிட்டார். ஆனால் செல்வம் காலையில் முகச்சவரம் செய்யும் இடத்தை மாற்ற மறந்துவிட்டார். செல்வி கண்ணாடி முன் நின்று மீசையை ஒதுக்கிவிட்டுக் காதலனைப் பார்க்கப் போனாள். வாசகர் கடிதங்கள் மூன்று வந்தன. மூன்றும் அந்தப் பெண்ணின் துணிச்சலைப் பாராட்டியிருந்தன.

அதே பத்திரிகையின் சோதிடர் எட்டு மாதம் தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றப் போனபோது, அவர் பெயரில் வாரபலன் எழுதியது நான்தான். சாதகக் கட்டம் போட அங்கேதான் கற்றுக்கொண்டேன். அந்த எட்டு மாதமும் ரிஷப ராசிக்காரர்களுக்குத் தொட்டதெல்லாம் துலங்கியது. நான் ரிஷப ராசி.

இனி நம் மையம் தொடங்கிய கதைக்கு வருகிறேன். நம்மவர்கள் வந்து உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்று நானும் கமலி அக்காவும் கூலாய் நகரில் அலைந்தோம். கமலி அக்கா திருநங்கை. ஜொகூர் முழுக்க மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவர். டயர் கடை ஒன்றின் மாடி காலியாக இருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே என்ன தொழில் என்று மலாயில் கேட்டார். நான் வாய் திறக்கும் முன், அக்கா கண் இமைக்காமல், கல்யாண வேலை என்று பதில் சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. தவுக்கேக்கு ஏக சந்தோஷம். மறுவாரம் அவரே ஒரு விளம்பரப் பலகை செய்து மாட்டிவிட்டார். இரண்டு புறா, ஒரு குத்துவிளக்கு, நடுவில் 'திருமணத் தகவல் மையம்'.

நல்ல மறைப்பு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டோம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எங்களுக்குத் தோன்றாத ஒன்று, பலகையைப் படித்துவிட்டு நிஜமாகவே ஆட்கள் வருவார்கள் என்பது. முதல் வாரமே இரண்டு அம்மாக்கள் சாதகத்தோடு படியேறி வந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லை என்று ஒரு திருமணத் தகவல் மையம் எப்படிச் சொல்ல முடியும்? அக்கா உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். ஜொகூரில் எந்த வீட்டில் எந்தப் பெண் இருக்கிறாள் என்பது அவர் விரல் நுனியில் இருந்தது. ஒரு வருடத்தில் ஏழு கல்யாணம் முடித்துவைத்தோம். ஏழும் நல்ல கல்யாணங்கள்.

மேசையில் இரண்டு கைப்பேசிகள் இருக்கும். பச்சை உறை போட்டது நம்மவர்களுக்கு, சிவப்பு உறை போட்டது சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு. ஒரு நாள் கவனிக்காமல் சிவப்பை எடுத்துவிட்டேன். ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி, "எனக்கு ஒரு பையன் வேணும்" என்றார். நான் குரலைத் தாழ்த்தி, "பயப்படாதீங்கய்யா, நீங்க தனியா இல்ல. நம்மள மாதிரி நெறைய பேரு இருக்காங்க" என்றேன். "அது தெரியும் சார். எல்லாருக்கும் பொண்ணு இருக்கு, பையன்தான் கிடைக்கல. என் மகளுக்கு இருபத்தெட்டாச்சு" என்றார் அவர்.

இப்படிச் சிரித்துக்கொண்டே ஓடிய நாட்களில்தான் குணா வந்தான். வயது முப்பத்தேழு. சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை, தினமும் எல்லைப் பாலத்தைக் கடந்து போய்வருவான். நம்மவன். முதலில் பச்சைக் கைப்பேசியில் பேசினான். பிறகு ஞாயிறுதோறும் வந்து, பின்னறையில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலச் சோறு சாப்பிட்டுவிட்டு, என்னிடம் இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் கமலி அக்கா எங்காவது ஒரு மணப்பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பார். அதனால் அவரும் குணாவும் பார்த்துக்கொண்டதே இல்லை. பச்சைக் கைப்பேசியில் அழைத்தவர் யார் என்பதை, எடுத்துப் பேசியவர் இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது அப்போதும் நம் விதி. உடன் வேலை செய்கிறவரிடம்கூட.

ஒரு ஞாயிறு காலை, குணா பின்னறையில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். படியில் இருமல் சத்தம் கேட்டது. "எங்கப்பா இருமுற மாதிரி இருக்குண்ணே" என்றான். அவன் அப்பாவேதான். பெயர் மாணிக்கம், லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். குணா கையில் பொட்டலத்தோடு, அக்காவின் வாடகைப் புடவைகளும் சவுரி முடிகளும் தொங்கும் அலமாரிக்குள் புகுந்துகொண்டான். மாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, மகனின் பிறப்புப் பத்திரத்தையும் ஒரு படத்தையும் மேசை மேல் வைத்தார். படத்தில் இருந்தவன் எனக்கு ஆறடி தூரத்தில் சவுரி முடிகளுக்கு நடுவே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

"பசியாறியாச்சா சார்?" என்று கேட்டுவிட்டு, அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "எனக்கு நெஞ்சுல ஒரு தடவ வந்துட்டுப் போச்சு. பையனுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டா நிம்மதி. கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கிறான். சாதகம் எழுதினதில்ல. நீங்களே எழுதிப் பாருங்க."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதிகாரமாகப் பேசவில்லை, பயந்துபோய்ப் பேசினார். நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டால், ஒன்றும் செய்திருக்க வேண்டாம். பொருத்தமான பெண் வந்தால் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு இழுத்தடித்திருக்கலாம். ஆனால் நான் எழுத்தாளன். சும்மா ஒரு பொய் சொன்னால் எனக்குப் போதாது. அதற்குக் காட்சியும் திருப்பமும் வேண்டும். கட்டம் போட்டேன். செவ்வாய் நல்ல பிள்ளையாய் ஒன்பதாம் கட்டத்தில் இருந்தது. அதைத் தூக்கி, கணவன் மனைவிக்கு உரிய ஏழாம் கட்டத்தில் வைத்தேன். ஒரு கிரகத்தை நகர்த்த ஒரு நீலப் பேனாதான் தேவைப்பட்டது.

"கடுமையான செவ்வாய் தோஷங்க" என்றேன், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

"எங்க பரம்பரையிலேயே கிடையாதே சார்."

"சில பேருக்கு வரும். பொண்ணு கிடைக்கிறது சிரமம். அவசரப்படாதீங்க. ஒரு நாலு அஞ்சு வருஷம் போகட்டும்."

அவர் சாதகத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார். அலமாரி திறந்தது. தோளில் ஒரு சவுரி ஒட்டியிருக்க குணா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "தெய்வம்ணே நீங்க" என்றான். நானும் அதை நம்பினேன். அன்று மத்தியானம் எனக்கு நானே ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

சாதகத்தின் மூலப் பிரதி மேசையிலேயே கிடந்தது. மறுநாள் கமலி அக்கா அதைப் பார்த்தார். ஏழாம் கட்டத்தில் செவ்வாய் உள்ள மாப்பிள்ளை, சிங்கப்பூர் வேலை, கெட்ட பழக்கம் இல்லை. அக்கா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாராம். செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷம்தான் பொருத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எட்டு மாதம் வாரபலன் எழுதியவனுக்குத் தெரியாதா? ஆனால் பொய்யை எழுதி முடித்த சந்தோஷத்தில், அது யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டும் என்று நான் யோசிக்கவில்லை. அக்காவின் அலமாரியில் ஆறு வருடமாக முடியாத ஒரு கோப்பு இருந்தது. உலு திராமில் இருக்கும் சுகந்தி. முப்பத்தாறு வயது, செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை மேற்பார்வையாளர். ஏழில் செவ்வாய். நிஜமான செவ்வாய்.

நான் காய்ச்சலில் திங்களிலிருந்து நான்கு நாள் வீட்டில் படுத்திருந்தேன். அதற்குள் அக்கா இரண்டு வீட்டையும் பேச வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நான் மையத்துக்கு வந்தபோது மாணிக்கம் ஒரு டப்பா லட்டோடு காத்திருந்தார்.

"நீங்க அஞ்சு வருஷம்னு சொன்னீங்க, கமலி அம்மா அஞ்சு நாள்ல முடிச்சிட்டாங்க" என்று ஒரு லட்டை என் வாயில் வைத்தார். "பொண்ணு வீட்ல சோசியருகிட்ட காட்டினாங்க. பத்துக்கு ஒம்பது பொருத்தமாம். இந்த மாதிரி தோஷத்துக்கு இந்த மாதிரி தோஷம் அமையறது அபூர்வமாம் சார்."

லட்டை விழுங்குவதற்குள் பச்சைக் கைப்பேசி அடித்தது. எடுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். பாலத்தில் பேருந்துக்கு வரிசையில் நின்றபடி குணா பேசினான். "அண்ணே, என்னண்ணே பண்ணி வெச்சீங்க? நாளன்னிக்குப் பொண்ணு பாக்கப் போறோமாம்."

அந்த நேரத்தில் நான் செய்ததைக் கவனியுங்கள். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய்யைச் சொன்னேன். முன்னறைக்குத் திரும்பி, சாதகத்தை இன்னொரு முறை பார்ப்பது போல் பார்த்து, "இதுல இன்னொன்னும் இருக்குங்க. இருதார யோகம். ரெண்டு கல்யாணம்னு காட்டுது. பொண்ணு வீட்ல மறைக்கக் கூடாது, சொல்லிடுங்க" என்றேன். எந்தத் தாய் இரண்டு பெண்டாட்டிக்காரனுக்குப் பெண் கொடுப்பாள்? கழன்றுகொள்வார்கள் என்று நினைத்தேன். பக்கத்து மேசையில் இருந்த கமலி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாணிக்கம் நேர்மையானவர், அங்கேயே பெண்ணின் அம்மாவை அழைத்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அதுக்கென்னங்க, மொதல் தாலிய வாழமரத்துக்குக் கட்டிட்டா போச்சு. ரெண்டாவதா எம்மக வந்துருவா" என்றார்.

பெண் பார்க்கும் சடங்கு முடிந்தது. குணா தலை நிமிராமல் கேசரி சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். அடக்கமான பையன் என்று பேர் வாங்கிவிட்டான். அதற்கடுத்த ஞாயிறு வாழைமரக் கல்யாணம்.

கூலாய்க்கு வெளியே எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன அம்மன் கோயிலில் அது நடந்தது. கமலி அக்கா அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. காலை ஏழு மணிக்கே அலங்காரப் பெட்டியோடு வந்து, வாழைமரத்துக்கு அரக்கு நிறத்தில் புடவை கட்டி, மடிப்புக்கு ஊசி குத்தி, மாலை போட்டு, பொட்டும் வைத்தார். "எதுக்குக்கா இவ்வளவு?" என்று கேட்டேன். "மரமா இருந்தா என்ன, மணப்பொண்ணுலா" என்றார். பூசாரிக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. குணா பட்டு வேட்டியில் வந்து நின்றான். கெட்டி மேளத்துக்குக் கைப்பேசியில் ஒரு பதிவைப் போட்டார்கள். அவன் மரத்துக்குத் தாலி கட்டினான். கட்டும்போது அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. குணாவின் சித்தப்பா ஒருவர், "பக்தியான பையன்" என்றார். பிறகு எல்லாரும் மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். என்னையும் மரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நானும் நின்றேன்.

அடுத்து மரத்தை வெட்ட வேண்டும். அப்போதுதான் முதல் தாரம் போய்விட்டதாகக் கணக்கு. மாணிக்கம் பாராங் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "மொத மருமகள வெட்ட மனசு வரலயே" என்று எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். கமலி அக்கா புடவையை அவிழ்த்துக்கொள்ளும் வரை பொறுக்கச் சொன்னார். அந்த இடைவெளியில் ஒரு பெண் என்னிடம் வந்தார். தொழிற்சாலைப் பெயர் போட்ட குடையைக் கையில் வைத்திருந்தார்.

"சார்தானே சாதகம் எழுதினது? நான் சுகந்தி. பொண்ணு வீட்டுக்காரங்க வரக்கூடாதாம். அம்மாவ இழுத்துக்கிட்டு நான்தான் வந்தேன்" என்றார். பிறகு குணா போன திசையைப் பார்த்தபடி, "அவரு ஏன் சார் அழுதாரு?" என்று கேட்டார்.

"புகைம்மா. ஓமப் புகை."

"புகை அந்தப் பக்கம் போச்சு" என்றார். "பதினெட்டு வருஷமா நான் டிஃபெக்ட் பாக்கற வேல செய்யறேன் சார். சொல்லுங்க."

ஒரு பக்கம் குணாவின் ரகசியம். அது வெளியே போனால் அவன் வீடு, வேலை, அப்பாவின் நெஞ்சு எல்லாம் போகலாம். நாட்டில் சட்டமும் நம் பக்கம் இல்லை. இன்னொரு பக்கம், நான் எழுதிய ஒரு கட்டத்தை நம்பித் தன் வாழ்க்கையைக் கொடுக்க வந்த பெண். ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, சமையல் கொட்டகைக்குப் பின்னால் முகம் கழுவிக்கொண்டிருந்த குணாவிடம் போனேன்.

"அந்தப் பொண்ணு கேக்குது" என்றேன்.

"வேணாம்ணே. கட்டிக்கிறேன்" என்றான் அவன். "அப்பாவுக்குச் சந்தோசம். அவங்க வீட்லயும் சந்தோசம். நான் ஒருத்தன்தானே. சமாளிச்சிக்கிறேன்."

ஒரு கணம் அது எனக்கே நியாயமாகப் பட்டது. எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது நாம் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். உங்களுக்கும் அந்த எண்ணம் வரும், எச்சரிக்கையாக இருங்கள். அவன் சொன்ன கணக்கில் சுகந்தி இல்லை. அவர் வீடு மட்டும்தான் இருந்தது.

"உன் விஷயத்த நான் சொல்ல மாட்டேன், அது உன்னோடது" என்றேன். "ஆனா செவ்வாய் என்னோடது. அத நான் போய்ச் சொல்லப்போறேன்."

திரும்பிப் போய்ச் சுகந்தியிடம் சொன்னேன். அந்தப் பையனுக்குத் தோஷம் எதுவும் இல்லை, இருதார யோகமும் இல்லை, இரண்டையும் எழுதியது நான் என்றேன். ஏன் என்று கேட்டார். அதை நான் சொல்லக்கூடாது என்றேன். எனக்குப் பின்னால் ஈர முகத்தோடு குணா வந்து நின்றான்.

"எனக்காகத்தான் செஞ்சாரு" என்றான். "எனக்குப் பொண்ணுங்க மேல ஆச வராதுங்க. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். ஆம்பளங்க மேலதான். இத இதுவரைக்கும் நான் வெளியாள்கிட்ட சொன்னதில்ல. மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் மாணிக்கம் மரத்தை வெட்ட ஆரம்பித்திருந்தார்.

"எனக்கு நெசமாவே ஏழுல செவ்வாய் சார்" என்றார் சுகந்தி. "பதினாலு வருஷமா பாக்கறாங்க. பதினோரு வீடு. வருவாங்க, சாப்பிடுவாங்க, சாதகத்தப் பாத்துட்டுப் போயிருவாங்க. நான் இத வெச்சிக்கிட்டு வாழ்ந்துக்கிட்டிருக்கேன். நீங்க பேனாவுல ஒன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. எனக்குன்னு ஒருத்தரு இருக்காருன்னு போன வாரம் பூரா நான் தூங்கல."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் குணாவிடம் திரும்பினார். "மரத்துக்கே இப்படி அழுதீங்க. எனக்குக் கட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல் இருந்தது. பிறகு குடையை மடக்கிக்கொண்டு, பெரியவர்கள் நின்ற இடத்துக்கு நடந்தார்.

"அங்கிள், எனக்கு மாப்பிள்ளையப் பிடிக்கல. கல்யாணம் வேணாம்" என்றார் எல்லாரும் கேட்கும்படி.

மாணிக்கம் பாராங்கோடு அப்படியே நின்றுவிட்டார். "என்னம்மா கொற?" என்றார்.

"கொற ஒன்னும் இல்ல. எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்."

சுகந்தியின் அம்மா எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "ஒன் சாதகத்துக்கு இவரு கெடச்சதே பெருசு. நீ யாருடி வேணாம்னு சொல்றதுக்கு? இனிமே எவன் வருவான்?" என்று கத்தினார். சித்தப்பா, இந்தக் காலத்துப் பெண்களுக்குத் திமிர் என்றார். குணா வாயைத் திறந்தான். சுகந்தி அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். அவன் அடங்கிவிட்டான்.

என்னைப் பார்த்து யாரும் தலையசைக்கவில்லை. சாதகம் பொய், எழுதியது நான், பெண் மேல் தப்பில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் எழுதினாய் என்று கேட்டால், கிறுக்குப் பிடித்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மையம் போய்விடும் என்று பயந்தேன். அது மட்டுமில்லை. கல்யாணம் நின்றதே என்று உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. ஒரு பெண் ஊர் முன்னால் திட்டு வாங்கிக்கொண்டிருக்க, நான் நிம்மதியாக நின்றேன். நான் செய்த ஆகப் பெரிய தவறு என்று முதலில் சொன்னது இதைத்தான். செவ்வாய் சின்ன விஷயம்.

திரும்பி வரும்போது வேனில் கமலி அக்கா மடியில் அந்த அரக்குப் புடவையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பையன் யாரு, என்னன்னு நீ என்கிட்ட சொல்ல வேணாம். எனக்குக் கண்ணு இருக்கு" என்றார். "ரகசியம் அவனோடது. ஆனா பொய் நீ சொன்னதுலா. அந்தச் சாதகம் பொய்க்கா, எடுக்காதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அந்த வீட்டுக்குப் போன் போட்டிருப்பேனா? ஆறு வருஷமா அந்தப் பொண்ணுக்கு நான் தேடுறேன்."

நம் விதியில் இருந்த ஓட்டை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அழைப்பவரைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, சரி. ஆனால் அவருக்காக நீங்கள் ஏதாவது ஏற்பாடு செய்தால், அதை உடன் வேலை செய்கிறவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பெயர் வேண்டாம், காரணம் வேண்டாம், செய்ததைச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். நம் பதிவேட்டில் நம்மவர்களின் பெயர்தான் இருக்கும். நாம் தப்பிக்க யார் தலையில் போய் விழுகிறோமோ, அவர் பெயர் அதில் இருக்காது. அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குணா தன் அப்பாவிடம் சொல்ல இன்னும் இரண்டு வருடம் ஆனது. யோங் பெங்கில் ஒரு துக்க வீட்டுக்குப் போகும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே சொன்னானாம். டோல் சாவடி வந்ததும் மாணிக்கம் கட்டண அட்டையை எடுத்துக் கொடுத்தாராம். பிறகு, "அப்ப அந்த வாழமரத்த சும்மாவா வெட்டினோம்?" என்று கேட்டாராம். இன்று வரை அவர் அதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை. மகனோடுதான் இருக்கிறார். குணா அதைச் சொல்லி இப்போதும் சிரிப்பான், நானும் சிரிப்பேன்.

சுகந்தியைப் பற்றி என்னால் சிரிக்க முடியாது. அந்த வாழைமரக் கல்யாணம் நடந்த மறுவாரம், பேருந்து பிடித்து உலு திராமுக்குப் போனேன். அவர் அம்மாவிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாகத் திட்டம். பேச வேண்டியதை எழுத்தாளன் இல்லையா, நன்றாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். சுகந்தி சீருடையோடு வேலைக்குக் கிளம்பி, வாசல் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"சொன்னீங்கன்னா அம்மா என்ன செய்வாங்க தெரியுமா சார்?" என்றார். "ஐயோ, எம்மகளுக்கு வந்த ஒன்னும் பொய்யாப் போச்சேன்னு அழுவாங்க. பதினாலு வருஷமா அழறத நான் பாத்துக்கிட்டிருக்கேன். இப்ப திட்டறாங்க. மாமா திட்டறாரு. பக்கத்து வீட்ல, சுகந்தி மாப்பிள்ளைய வேணாம்னுட்டாளாம்னு பேசிக்கிறாங்க. எல்லாரும் என்னத்தான் வேணாம்னாங்க. ஒரு தடவ நான் சொல்லியிருக்கேன். அது ஒன்னுதான் எனக்கு இதுல கெடச்சது. அதையும் நீங்க வந்து எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க."

சரிம்மா என்றேன். பேருந்து நிறுத்தத்துக்கு வெயிலில் நடந்தேன். பாதி வழியில் அவருடைய கார் என்னைக் கடந்து போனது. அவர் நிறுத்தவில்லை.